பழைய குளியல் தொட்டியின் கால்களும் குழாய்களும்: முலாம் பூசக் கொடுப்பதற்கு முன்

குன்னூரில் உங்கள் பாட்டனார் வாங்கிய பங்களாவின் குளியலறையில் வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் நான்கு சிங்கப்பாதக் கால்களும் துருவேறி, பல அடுக்குப் பெயிண்டுக்குள் நகம் எது விரல் எது என்று தெரியாமல் கிடக்கின்றன. குழாய்களிலும் வேஸ்ட் கப்ளிங்கிலும் (தண்ணீர் வெளியேறும் அடித்துளையின் இணைப்பு) ஓவர்ஃப்ளோ மூடியிலும் (நிரம்பி வழியும் தண்ணீருக்கான மேல்துளையின் மூடி) வெள்ளை மெருகு உரிந்து மஞ்சள் தெரிகிறது, இடுக்குகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. கடைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் குரோம் போட்டுப் புதிதாக்கித் தருவதாகச் சொல்கிறார்; இன்னொருவர் கால்களுக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி, இதில் எதையாவது வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா என்பது நீங்கள் கேட்டது. குரோமா, பெயிண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் முதலில் வேறு இரண்டைத் தெரிந்துகொண்டாக வேண்டும். ஒவ்வொரு பாகமும் எந்த உலோகம்? அது செய்யப்பட்ட நாளில் அதன்மேல் என்ன இருந்தது?

நான் கோயம்புத்தூரில் முலாம் பூசும் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். முதல் சில ஆண்டுகள் பஃபிங் சக்கரத்தின், அதாவது உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றும் சக்கரத்தின், முன்னாலும், பிறகு நிக்கல் தொட்டிகளின் பக்கத்திலும் கழிந்தன. பம்பு உதிரிகளும் ஜவுளி ஆலை உதிரிகளும்தான் எங்கள் அன்றாடச் சோறு என்றாலும், நீலகிரியிலிருந்து பழைய பங்களாச் சாமான்கள் அவ்வப்போது இறங்கி வரும்: கதவுக் குமிழ்கள், விளக்குத் தண்டுகள், உங்களுடையதைப் போன்ற குழாய்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன். தொட்டியின் உள்பக்க எனாமல் என் தொழில் அன்று. உலோகப் பாகங்களைக் கழற்றும்போது அதற்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

உலோகத்தை அறிய ஒரு சாதாரணக் காந்தமும் ஒரு சிறிய அரமும் போதும். காந்தம் கால்களில் கப்பென்று ஒட்டும். அவை வார்ப்பிரும்பு என்பதில் ஐயமே வேண்டாம். குழாய்களில் ஒட்டாது, ஆனால் ஒட்டாத ஒரே காரணத்தால் அது பித்தளை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கண்ணில் படாத ஓரிடத்தில், அடிமரைக்குப் பக்கத்தில், அரத்தால் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் பித்தளை. சிவப்பு கூடியிருந்தால் செம்பு அல்லது செம்பு மிகுந்த வெண்கல வகை. ஈயத்தைப் போலச் சாம்பல் வெண்மையாகவும் கைக்குச் சற்று இலேசாகவும் இருந்தால் துத்தநாகக் கலவை. இந்த மூன்றாவது வகை அமெரிக்காவில் 1929இல் சமாக் என்ற பெயரில் வந்த கலவைக்குப் பிறகு பெருகியது. உங்கள் குழாயின் உடல் பித்தளையாகவே இருந்தாலும், இடையில் யாரோ மாற்றிய கைப்பிடி துத்தநாகமாக இருக்க வாய்ப்புண்டு. பழைய முலாமை உரிக்கும் அமிலத்தில் பித்தளை தாக்குப் பிடிக்கும் நேரத்துக்குள் துத்தநாகம் கரைந்து கடற்பாசி போலாகிவிடும். ஆகவே ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுங்கள் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும், அவர் மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் அந்த மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

அடுத்தது, முதலில் மேலே என்ன இருந்தது என்பது. நிக்கல் முலாம் பட்டறைத் தொழிலாக ஆனது பாஸ்டன் நகரத்து ஐசக் ஆடம்ஸ் 1869இல் பெற்ற காப்புரிமைக்குப் பிறகு. உங்களுடையதைப் போன்ற குளியல் தொட்டிகளும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வந்தன. விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோலர் 1883இல் கால்நடைகளுக்கான வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றுக்கு எனாமல் பூசி, நான்கு கால்களை மாட்டிக் குளியல் தொட்டியாக விற்றார் என்பது அந்த நிறுவனமே சொல்லிக்கொள்ளும் கதை. குரோம் முலாமோ கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்கும் அவருடன் இருந்தவர்களும் வழிமுறையை ஒழுங்குபடுத்திய பிறகு, 1920களின் நடுவில்தான் கடைக்கு வந்தது. எனவே 1925க்கு முன் செய்யப்பட்ட குழாயில் தொழிற்சாலை போட்ட குரோம் இருக்க முடியாது. அதில் வெள்ளையாக இருந்தது நிக்கல். இது உறுதி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்: குரோமில் குளிர்ந்த நீலச் சாயல் இருக்கும், நிக்கலில் பாலாடையைப் போன்ற இளமஞ்சள் சாயல் இருக்கும். நூறாண்டுப் பழமையான தொட்டியில் குரோம் குழாயைப் பார்க்கும்போது பலருக்கும் என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு பொருத்தமின்மை உறுத்தும். அந்த உறுத்தலுக்குக் காரணம் இந்த நீலம்தான். ஆகவே குழாய்களுக்கு என் பரிந்துரை நிக்கல். உங்கள் குழாய்கள் 1930களுக்குப் பிந்தியவை என்று தெரியவந்தால் குரோம் போடுவதிலும் தவறில்லை.

கால்களின் கதை வேறு. நிக்கல் பூசிய கால்களோடு விலை கூடிய தொட்டிகளும் விற்கப்பட்டன என்றாலும், பெரும்பாலான கால்கள் பெயிண்ட் அடித்தவையாகவோ, அலுமினியப் பொடி அல்லது வெண்கலப் பொடி கலந்த வார்னிஷ் பூசியவையாகவோதான் இருந்தன. எனவே தங்கப் பெயிண்ட் சொன்னவரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, பழக்கம் பழையதுதான். ஆனால் இன்று மலிவாகக் கிடைக்கும் தங்கப் பெயிண்டில் இருப்பது செம்பு, துத்தநாகப் பொடி. நீராவியும் சோப்பும் படும் இடத்தில் அது இரண்டு மழைக்காலத்துக்குள் கறுத்துப் பழுப்பாகிவிடும்.

கழற்றும் வேலையில்தான் அதிகச் சேதம் நேர்கிறது என்பதால் இதைச் சற்று நின்று சொல்கிறேன். ஐந்தடித் தொட்டி நூறு கிலோவுக்குக் குறையாது. அதைக் கால்களோடு தரையில் இழுக்கவே கூடாது, ஏனென்றால் காலைத் தாங்கும் அடிப்பள்ளத்தின் உதடு உடைந்தால் வார்ப்பிரும்பில் அதை வெல்டு செய்வது எளிதன்று. அந்தச் சூட்டில் உள்பக்க எனாமலும் தெறித்துவிடும். நான்கு பேர் சேர்ந்து, பழைய பஞ்சு மெத்தை ஒன்றின்மேல் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். கால்கள் பெரும்பாலும் ஆப்பு போல ஒரு பள்ளத்துக்குள் சறுக்கிச் செருகப்பட்டு, ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். முதல்நாள் மாலையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, மறுநாள் மரக்கட்டையை வைத்து இலேசாகத் தட்டினால் நகர்ந்து வரும். சுத்தியலை நேரடியாக வைத்தால் நகம் உடையும். கழற்றும்போதே எந்தக் கால் எந்த மூலையிலிருந்து வந்தது என்று கம்பியில் தகட்டுச் சீட்டு கட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்துக்கு அராவிப் பொருத்தப்பட்டது. மாற்றி மாட்டினால் தொட்டி ஆடும். குழாய்களைக் கழற்றும்போது பைப் ரெஞ்சின் பல் பித்தளையில் நேரடியாகப் படாதபடி பழைய தோல் பெல்ட் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். அடியில் உள்ள நட்டு எவ்வளவு முயன்றும் அசையவில்லை என்றால் நட்டையே அறுத்து எடுங்கள், நட்டு புதிதாகக் கிடைக்கும்.

கால்களின் பழைய பெயிண்டை ஈயம் கலந்ததாகவே கருதிக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உங்கள் தொட்டியில் இருப்பதில் எந்த அடுக்கு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவதும், சூட்டுத் துப்பாக்கியால் பொசுக்குவதும் கூடாது. பெயிண்ட் ரிமூவரைத் தடவி, ஊறவிட்டு, ஈரத்தோடு சுரண்டி, சுரண்டலைச் செய்தித்தாளில் மடித்து உறையிட்டு ஒதுக்குங்கள். வீட்டில் சிறு குழந்தைகளோ கருவுற்ற பெண்களோ இருந்தால் இந்த ஒரு கட்டத்தை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்வதுதான் முறை. ஃபவுண்டரிகளில் கிரிட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் துகள் அடித்துச் சுத்தம் செய்வது) செய்து தருவார்கள். அது வேகமான வழி, ஆனால் மென்மையான துகளும் குறைந்த அழுத்தமும் கேளுங்கள், இல்லாவிட்டால் சிங்கத்தின் ரோமக் கோடுகள் மழுங்கிவிடும். ஆற்று மணலைக் கொண்டு அடிப்பவரிடம் கொடுக்க வேண்டாம் என்பது தொட்டியின் காலுக்காக மட்டும் சொல்வதன்று. அந்தத் தூசி அதை அடிக்கும் ஆளின் நுரையீரலைக் கெடுக்கும்.

பெயிண்ட் போனபின் எஞ்சும் துருவுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று மிகப் பழையது: சர்க்கரை ஆலையில் கழிவாக வரும் பாகு, அதாவது மாட்டுத் தீவனத்துக்கு விற்கும் மொலாசஸ். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று பிளாஸ்டிக் டிரம்மில் கலந்து, கால்களை முழுவதும் அமிழ்த்தி, ஒன்று முதல் இரண்டு வாரம் விட்டுவிடலாம். நாற்றம் தாங்க முடியாது; ஆனால் துருவைத் தின்னும் அளவுக்கு அது நல்ல இரும்பைத் தின்னாது. மற்றொன்று மின்பகுப்பு. பிளாஸ்டிக் டிரம்மில் நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, பழைய இரும்புத் தகட்டைப் பேட்டரி சார்ஜரின் நேர்முனையிலும், துருப்பிடித்த காலை எதிர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். 12 வோல்ட்டில் ஓர் இரவு போதும். காலையில் துரு கறுப்புச் சேறாகி, தூரிகை பட்டதும் வழிந்து போகும். நேர்முனைக்கு எவர்சில்வர் தகட்டைப் போட வேண்டாம், அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். உப்பு போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குளோரின் கிளம்பும். ஹைட்ரஜன் வாயுவும் வரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு எட்டாத இடத்தில் வையுங்கள். கம்பியைத் தொடுவதற்கு முன் சார்ஜரை அணைத்துவிடுங்கள்.

இரண்டு வழிகளிலும் தவறு நேர்வது கடைசிக் கால் மணி நேரத்தில். கழுவி எடுத்த வார்ப்பிரும்பு குன்னூர்ப் பனிமூட்டத்தில் உங்கள் கண்ணெதிரிலேயே செம்மண் நிறத்துக்குத் திரும்பும். எடுத்தவுடன் கொதிக்கும் வெந்நீரில் முக்கி, துடைத்து, அடுப்புச் சூட்டிலோ ஹேர் டிரையரிலோ நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். சாதாரண ரெட் ஆக்சைடைவிட இரண்டு பாகமாகக் கலக்கும் எப்பாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் குளியலறை ஈரத்தைத் தாங்கும். அதன்மேல் உங்களுக்குப் பிடித்த நிறத்தில் இரண்டு மெல்லிய கோட் பாலியூரித்தேன் பெயிண்ட். பவுடர் கோட்டிங், அதாவது பொடிப் பெயிண்டைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசுவது, செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் தங்கிய காற்றும் எண்ணெயும் 180, 200 டிகிரிச் சூட்டில் வெளியே பொங்கி ஊசித்துளைகளை உண்டாக்கும். பூசுவதற்கு முன் பூச்சில்லாத இரும்புக் காலை ஒருமுறை அந்தச் சூட்டுக்கு மேலேயே சுட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

கால்களுக்கு நிக்கலோ குரோமோ போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இந்த நுண்துளைகள்தான் காரணம். அமிலத்தில் முக்கிய வார்ப்பிரும்பின் மேற்பரப்பில் கிராஃபைட் கரியாகப் படியும். அதைச் சரியாக நீக்காவிட்டால் முலாம் பிடிக்காது. நீக்கினாலும் துளைகளுக்குள் புகுந்த கரைசல் உள்ளேயே பதுங்கியிருந்து, வாடிக்கையாளர் பணம் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போன மூன்றாவது வாரத்தில் பளபளக்கும் பரப்பில் தேமல் போலப் பழுப்புப் புள்ளிகளாக வெளியே வரும். வார்ப்பிரும்பு அடுப்பு உறுப்புகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தடித்த செம்பு அடித்தளம் போட்டு, இடையிடையே வெந்நீரில் கொதிக்கவைத்துக் கழுவி இதைக் குறைக்க முடியும். அந்தப் பொறுமையும் அதற்கான கூலியும் இன்றைய பட்டறையில் அரிது. உங்கள் தொட்டிக் கால்களின் இடுக்கில் பழைய நிக்கலின் மிச்சம் தெரிந்தால் மட்டும், அனுபவமுள்ள ஒருவரைத் தேடிப்பிடித்து அதைச் செய்யலாம்.

இனி பித்தளைக் குழாய்கள். முதலில் களிம்பையும் சுண்ணாம்புப் படிவையும் எடுத்து, அடியில் எவ்வளவு நல்ல உலோகம் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு நம் வீட்டுப் புளியே போதும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் களிம்பைக் கரைக்கும், உலோகத்தை அவ்வளவாகத் தொடாது. குத்துவிளக்குத் தேய்ப்பவர்கள் பரம்பரை பரம்பரையாகச் செய்வது வேதியியல்படியும் சரியானதே. கெட்டியாகக் கரைத்துத் தடவி, அரைமணி நேரம் விட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட்டை, அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, தொடவே வேண்டாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில், சீக்கிரம் வேலை முடியட்டும் என்று பில்லர் காக் எனப்படும் நின்ற குழாய் ஒன்றை, பழையதை, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுவிட்டு இரவு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் எடுத்தபோது அது வெளுத்த செங்கல் நிறத்தில் இருந்தது. துத்தநாகம் வெளியேறிச் செம்பு மட்டும் பஞ்சு போல எஞ்சியிருந்தது. மரையை விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. உங்கள் குழாயில் ஏற்கெனவே இப்படி இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால், நூறாண்டுத் தண்ணீர் மெதுவாகச் செய்த அதே வேலை அது. மேலாகத் திட்டுத் திட்டாக இருந்தால் பஃபிங்கில் போய்விடும். குத்தூசியால் குத்தினால் உள்ளே இறங்கும் அளவுக்கு இருந்தால் அந்தப் பாகத்துக்கு முலாம் பூசுவது வீண்.

அமோனியா கலந்த பளபளப்புக் கரைசல்களிலும் கவனம் தேவை. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலந்தோறும் காரணமின்றி வெடித்துப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும், உறையை இழுத்துச் செய்தபோது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. வார்த்துச் செய்த குழாய் உடலுக்கு இந்த ஆபத்து குறைவு. மெல்லிய பித்தளைத் தகட்டில் இழுத்துச் செய்த இணைப்புக் குழாய்களையும் அலங்கார வளையங்களையும்தான் அமோனியாவிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

முலாம் அடியிலுள்ள கீறலை மறைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரிதாக்கிக் காட்டும். நிக்கலில் தெரியும் பளபளப்பில் முக்கால் பங்கு முலாம் தொட்டிக்குப் போகும் முன்பே பஃபிங் சக்கரத்தில் பிறந்துவிடுகிறது. பழைய முலாமைப் பட்டறையில் மின்னோட்டத்தைத் திருப்பி உரித்தபின், 220இல் தொடங்கி 400, 600 என்று உப்புத்தாள் ஏறி, பிறகு பழுப்பு சோப்பும் (மெருகேற்றும் பசைக்கட்டி) துணிச் சக்கரமும், கடைசியில் மென்மையான சக்கரமும் என்று போக வேண்டும். சிறு குழிகளைத் தேய்த்தே சமன் செய்ய முயன்றால் குழாயின் சுவர் மெலியும். அதற்குப் பதில் தடித்த அமிலச் செம்பு முலாம் போட்டு, அதைத் தேய்த்து, குழி நிரம்பும்வரை திரும்பப் போடுவது நல்ல வழி. குழி ஆழமாக இருந்தால் முதலில் வெள்ளிப் பற்றவைப்பால் அடைக்கலாம். கைப்பிடியில் சூடு, குளிர் என்று ஆங்கிலத்தில் எழுதிய பீங்கான் வில்லைகள் இருந்தால் முன்னதாகவே கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து உலோகத்திலேயே வெட்டப்பட்டிருந்தால் பஃபிங் செய்பவரிடம் நேரில் நின்று சொல்லுங்கள். எங்கள் பட்டறையில் ஒரு பையன், நல்ல வேலைக்காரன்தான், ஓவர்ஃப்ளோ மூடி ஒன்றைக் கண்ணாடி போலத் தேய்த்து எடுத்து வந்தான். அதிலிருந்த தயாரிப்பாளரின் பெயர் தடவிப் பார்த்தால்கூடக் கைக்குக் கிடைக்கவில்லை. அந்த வாடிக்கையாளர் கோபப்படக்கூட இல்லை, மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நிக்கல் போடும் பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றியதைவிட நேரத்தைப் பற்றியது. இன்றும் எங்கள் ஊர் முலாம் தொட்டிகளில் இருப்பது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆலிவர் வாட்ஸ் 1916இல் வெளியிட்ட நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலக் கலவையின் பேரப்பிள்ளைகள்தான். சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் மின்னோட்டத்தில் அதில் நிமிடத்துக்குச் சுமார் 0.8 மைக்ரான் நிக்கல் ஏறும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தினமும் கை படும் குழாய்க்கு 20 மைக்ரானாவது வேண்டும் என்பது என் கணிப்பு. அப்படியானால் 25 நிமிடம் அது தொட்டியில் இருந்தாக வேண்டும். ஐந்து நிமிடம் முக்கி எடுத்தாலும் கண்ணுக்கு அதே பளபளப்புதான் தெரியும், ஆனால் 4 மைக்ரானை உங்கள் துடைக்கும் துணியே சில ஆண்டுகளில் தின்றுவிடும். விளிம்புகளில் முலாம் கூடுதலாகவும் உள்வளைவுகளில் குறைவாகவும் ஏறும் என்பதால், வளைந்த மூக்குள்ள குழாய்க்கு இன்னும் சற்று நேரம் கேட்பதில் தவறில்லை. மரைகளை மெழுகாலோ டேப்பாலோ மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது திருகு ஏறாது. பழைய தோற்றமே வேண்டும் என்றால் பிரைட்னர் என்ற பளபளப்பூட்டி மிகுந்த, கண்ணாடி போல மின்னும் நிக்கல் வேண்டாம் என்றும் சொல்லலாம். அந்த வகை 1930களில் வந்தது. அதற்கு முன் நிக்கல் மங்கலாகப் படிந்து, பிறகு கையால் மெருகேற்றப்பட்டது. இது ருசி சார்ந்த விஷயம், இரண்டில் எது உயர்ந்தது என்று நான் வழக்காட மாட்டேன். நிக்கல் பட்டால் தோல் அரிக்கும் உடல்வாகு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும், நிக்கலின் மேல் குரோம் போட்டுக்கொள்வது அவர்களுக்கு நல்லது.

வீட்டிலேயே முலாம் பூசலாம் என்று விற்கும் பெட்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு திருகுத் தலைக்கோ சங்கிலி வளையத்துக்கோ நிக்கல் தூரிகை முலாம் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம், முழுக் குழாய்க்கு அது தாங்காது. குரோமை மட்டும் வீட்டில் நினைக்கவே வேண்டாம். அந்தக் கரைசலில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்பது முடிந்த விஷயம். என் மூத்த தலைமுறை வேலைக்காரர்கள் சிலருக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை அந்தப் பகுதி மக்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஒரு வாளிக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றுவது சிறிய அளவில் அதே வேலைதான்.

முலாமே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் ஒரு தீர்வு. மிச்சமிருக்கும் நிக்கலை உரித்து, பித்தளையை வெறுமையாகவே மெருகேற்றி வைத்தால் அழகாக இருக்கும். மாதம் ஒருமுறை தேய்க்க ஆள் வேண்டும். அதைத் தவிர்க்க லேக்கர் என்ற நிறமற்ற வார்னிஷ் பூசுவார்கள். குளியலறையில் லேக்கர் விளிம்புகளில் கிளம்பி, அடியில் கறுப்புக் கோடுகள் ஓடி, இரண்டு மூன்று ஆண்டுகளில் பார்க்கவே சகிக்காது என்பது என் அனுபவம். நிக்கல் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது என்றால் புளித்தண்ணீர்கூடப் போடாமல், மென்சோப்பால் கழுவி, கார் மெழுகு தடவி அப்படியே விடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

திரும்ப மாட்டும்போது ஸ்பிண்டிலின் (கைப்பிடியோடு சுழலும் தண்டின்) கழுத்தில் கிராஃபைட் நூலைச் சுற்றி, வாஷர்களைப் புதிதாக மாற்றுங்கள். தொட்டி இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ செய்யப்பட்டதென்றால் அதன் மரை நம் கடைகளில் கிடைக்கும் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை அளவு) இணைப்போடு பெரும்பாலும் பொருந்தும். அமெரிக்கத் தொட்டி என்றால் பொருந்தாது, கடைசல் பட்டறையில் ஓர் இடைத்துண்டு கடைந்து வாங்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கும்போது அடிப்பக்கத்தை நனைத்து, கம்பித் தூரிகையால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் வார்ப்பிலேயே புடைத்திருக்கும். சில தொட்டிகளில் வார்த்த தேதியே இருக்கும். தொட்டியின் ஆண்டே குழாயின் ஆண்டாக இருக்க வேண்டியதில்லை, குழாய்கள் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே புதிய பெயிண்ட் அந்த எழுத்தை மூடுவதற்கு முன் அதையும், குழாயில் அரம் இழுத்த இடத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள். நிக்கலா குரோமா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கால்களுக்கான வேலை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மழை இறங்குவதற்குள் அவற்றுக்குப் பிரைமர் ஏறிவிட வேண்டும்.